கையைக் கடிக்காத கைவேலை: பண்டிகை அலங்காரம், நகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்டிகைக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதுதான் எல்லோருக்கும் கத்திரிக்கோலும் பசையும் ஞாபகத்துக்கு வருகின்றன, எனக்கும் அப்படித்தான். தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டதையும், நானே பொருளைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.

வீட்டில் செய்தால் உண்மையிலேயே செலவு குறையுமா?

குறையும், ஆனால் முதல் ஜோடிக் கம்மலில் குறையாது. கொக்கி ஒரு பொட்டலம், வளையம் ஒரு பொட்டலம், மணி நாலு நிறத்தில், பசை, குறடு என்று வாங்கி முடித்தால் அந்த ஒரே கம்மல் கடையில் வாங்குவதைவிடக் கூடுதலாகத்தான் ஆகியிருக்கும். பத்தாவது ஜோடியில்தான் கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்பும். பெரும்பாலானவர்கள் பத்தாவது ஜோடி வரை போவதே இல்லை, மூன்றாவதோடு டப்பாவை மூடிவைத்துவிட்டு அடுத்த வருடம் புதிதாக இன்னொரு டப்பா வாங்குகிறார்கள். என் அலமாரியில் அப்படி மூன்று டப்பா இருந்தது, அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

பணம் போவது நாம் பயன்படுத்துகிற பொருளில் இல்லை, மிஞ்சிப்போகிற பொருளில். அதனால் முதலில் என்ன செய்யப் போகிறோம், எத்தனை செய்யப் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதி, அளவு போட்டு, வீட்டில் இருப்பதைக் கழித்து, மீதியை மட்டும் வாங்குங்கள். "இருக்கட்டுமே, எப்பவாவது உதவும்" என்று கை நீளும் எதையும் அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள்.

எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக்கூடாது?

உடம்பில் படுவதிலும் எடை தாங்குவதிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். காதுக்குள் போகும் கம்பி, மாலையின் கொக்கி, கோர்க்கிற நூல், பசை ஆகியவைதான் அவை. கண்ணுக்கு மட்டும் தெரிகிற மற்ற எல்லாவற்றுக்கும் பழைய அழைப்பிதழ், பத்திரிகைத் தாள், கிழிந்த துணியின் கரை, பொத்தான், அறுந்த மாலையின் மணி எது வேண்டுமானாலும் போதும்.

எத்தனை மணி வாங்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?

நீளத்தை மணியின் அளவால் வகுத்தால் போதும். கழுத்தெலும்பை ஒட்டி விழுகிற வழக்கமான மாலை 45 செ.மீ. இருக்கும், கழுத்தைச் சுற்றி இறுக்கமாக நிற்கிற வகை என்றால் 35 முதல் 40 செ.மீ. கொக்கிக்கு ஏறக்குறைய 2 செ.மீ. போக மீதி 43 செ.மீ., அதில் 6 மி.மீ. மணி என்றால் 72 வேண்டும். நாலைந்து உடைந்தவையும் ஓட்டை அடைத்தவையும் இருக்கும் என்று 80 வாங்குங்கள். 200 எதற்கு?

கைச்சரத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மணிக்கட்டு 16 செ.மீ. என்று அளந்து, 16 செ.மீ. நீளத்துக்குக் கோர்த்தால் கையில் ஏறவே ஏறாது, ஏனென்றால் மணிக்கும் தடிமன் உண்டு, வட்டமாக வளைந்ததும் உள்பக்கச் சுற்றளவு குறைந்துவிடும். எவ்வளவு குறையும்? மணியின் விட்டத்தைப் போல ஏறத்தாழ 3.14 மடங்கு. 8 மி.மீ. மணி என்றால் 2.5 செ.மீ. காணாமல் போகும். ஆக 16 செ.மீ. கைக்கு 16-உம் 2.5-உம் சேர்த்து, கொஞ்சம் தளர்வுக்கு அரை செ.மீ. போட்டால் 19 செ.மீ., அதாவது 24 மணி. 4 மி.மீ. மணிக்கு இந்த இழப்பு 1.25 செ.மீ.தான். பள்ளியில் படித்த வட்டத்தின் சுற்றளவு எனக்கு வாழ்க்கையில் உதவிய ஒரே இடம் இது.

பாசிமணிப் பொட்டலத்தில் 11/0, 8/0 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

அளவுதான். எண் கூடினால் மணி சிறிதாகும். 11/0 ஏறத்தாழ 2 மி.மீ., 8/0 என்றால் 3 மி.மீ., 6/0 என்றால் 4 மி.மீ. கம்பியின் தடிமனைச் சொல்கிற கேஜ் எண்ணும் இதே மாதிரித் தலைகீழ்தான்: 20 கேஜ் 0.8 மி.மீ., 24 கேஜ் 0.5 மி.மீ. புதிதாகத் தொடங்குகிறவர்கள் 6/0 வாங்குங்கள். 11/0 வாங்கினால் ஊசிக்காதில் நூல் நுழைப்பதற்குள்ளேயே பொறுமை போய்விடும்.

என்னென்ன கருவி வேண்டும்?

மூக்குக் குறடு இரண்டு, வெட்டுக் குறடு ஒன்று, கூர்மையான கத்திரிக்கோல், இரும்பு ஸ்கேல். துணி வெட்டுகிற கத்திரியால் காகிதம் வெட்டாதீர்கள், கம்பியை எந்தக் கத்திரியாலும் வெட்டாதீர்கள். நூறு துண்டு கொண்ட கருவிப் பெட்டி வாங்குவது வீண்.

ஏன் இரண்டு மூக்குக் குறடு? ஒன்று போதாதா?

வளையத்தைத் திறக்கத்தான். ஜம்ப் ரிங் என்கிற அந்தச் சின்ன வளையத்தை விரலால் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்து அகட்டினால் வட்டம் கெட்டுப்போகும், அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் வாய் சேராது, அந்த இடைவெளி வழியாகத்தான் தொங்கல் நழுவி விழுந்து தொலைகிறது. வாய் மேலே இருக்குமாறு வைத்து, இரண்டு பக்கமும் குறடால் பிடித்து, ஒரு பக்கத்தை உங்களை நோக்கியும் மறு பக்கத்தை எதிர்ப்புறமாகவும் திருப்புங்கள், கதவு திறப்பது போல. மூடும்போது அதே வழியில் திருப்பி, முனைகள் ஒன்றையொன்று லேசாகத் தாண்டிப் போய்த் திரும்பி வரும்படி செய்தால் இறுகி நிற்கும். கையால் செய்த நகை "சீக்கிரம் பிய்ந்துவிடும்" என்று பெயர் வாங்கியதில் பாதி இந்த ஒரு வளையத்தால்தான் என்று நினைக்கிறேன்.

எந்தப் பசை எதற்கு?

எல்லாவற்றுக்கும் ஒரே பசை என்று ஒன்று கிடையாது, அதைத் தேடித்தான் நிறையப் பேர் நாலு பசை வாங்கிவிடுகிறார்கள்.

காகிதம், அட்டை, நூல், துணி இதற்கெல்லாம் சாதாரண வெள்ளைப் பசை போதும். காய்ந்தால் நிறம் தெரியாது, கை சுடாது. ஈரத்தில் மட்டும் இளகிவிடும்.

பசைக் குச்சியை உருக்கித் தள்ளுகிற க்ளூ கன் அலங்கார வேலைக்கு வேகமானது, நகைக்கு நம்பக்கூடாதது. வழுவழுப்பான உலோகத்திலும் கண்ணாடியிலும் ஒட்டிய சூட்டுப் பசை ஒரு தட்டுத் தட்டினால் முழுசாகக் கழன்று வரும், வெயில் படும் இடத்தில் தொங்கவிட்டால் தானாகவே இளகும். தப்பாக ஒட்டிவிட்டால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு ஓரத்தில் தடவுங்கள், பசை தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். முனை 120 டிகிரியிலிருந்து 190 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சுடும், எனவே குறைந்த வெப்பத்தில் வேலை செய்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

சூப்பர் க்ளூவை நான் மிகக் குறைவாகத்தான் தொடுகிறேன். காயும்போது அதன் ஆவி பக்கத்தில் இருக்கிற பளபளப்பான மணிமேல் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். ஒரு முறை மூடிய டப்பாவுக்குள் காயவைத்து ஒரு சரம் கண்ணாடி மணி மொத்தமும் மங்கிப்போனது. அதைவிட முக்கியமானது, பஞ்சு, பருத்தி, கம்பளி நூல் இவற்றில் சூப்பர் க்ளூவைக் கொட்டினால் வேகமாகச் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். நூல் வேலையில் அது வேண்டவே வேண்டாம்.

உலோகத்தில் கல் ஒட்டுவது, கம்மலுக்குப் பின்னால் தண்டு ஒட்டுவது போன்றவற்றுக்கு ஈ6000 மாதிரி காய்ந்த பிறகும் லேசாக வளைந்துகொடுக்கிற நகைப் பசை வேண்டும். பத்து நிமிடத்தில் பிடித்த மாதிரித் தெரியும், ஆனால் முழுசாக இறுக 24 முதல் 72 மணி நேரம் ஆகும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒட்டுங்கள்.

எலாஸ்டிக் கைச்சரம் ஏன் சீக்கிரம் அறுகிறது?

மூன்று காரணம் உண்டு. கோர்ப்பதற்கு முன் நூலை இழுத்துப் பழக்காதது ஒன்று. நன்றாக நாலைந்து தடவை இழுத்துவிட்டு அப்புறம் கோர்த்தால் பின்னால் தளராது. மணியின் ஓட்டை ஓரம் கூர்மையாக இருந்து நூலை அறுப்பது இரண்டாவது, உலோக மணியில் இது அதிகம். மூன்றாவது முடிச்சு. சாதாரண முடிச்சு எலாஸ்டிக்கில் வழுக்கி அவிழும். முதல் சுற்றில் நூலை ஒரு முறைக்குப் பதிலாக இரண்டு முறை நுழைத்து இறுக்கி, அதன்மேல் இன்னொரு முடிச்சு போட்டு, பெரிய ஓட்டை உள்ள மணிக்குள் இழுத்து மறைத்துவிடுங்கள். முடிச்சில் சூப்பர் க்ளூ வைக்கலாமே என்பார்கள், வைத்தால் அந்த இடம் விறைத்து அங்கேயே ஒடியும். 0.8 மி.மீ. நூல் பெரும்பாலான மணிக்குச் சரியாக இருக்கும்.

கம்மல் போட்டால் காது அரிக்கிறது, என்ன செய்வது?

பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். மலிவான கொக்கிகளில் பூச்சுக்கு அடியில் அது இருக்கும், பூச்சு தேய்ந்ததும் வேலையைக் காட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் காதுத் துளைக்குள் போகும் பாகத்திலிருந்து ஒரு சதுர செ.மீ.க்கு வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்று விதியே இருக்கிறது, அந்த அளவுக்கு இது பரவலான தொல்லை.

டைட்டேனியம், நியோபியம் கொக்கி கிடைத்தால் அதுதான் நிம்மதி. 92.5 சதவீத வெள்ளியும் பலருக்கு ஒத்துப்போகும். தண்டில் நகப்பூச்சைத் தடவிக்கொள்ளலாம் என்கிற யோசனை சில நாளுக்குத்தான் தாங்கும். நல்ல கொக்கி நாலு ஜோடி மட்டும் வாங்கிவைத்துக்கொண்டு, கீழே தொங்குகிற பாகத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போடுவது என் வழக்கம். நாலு கொக்கியில் இருபது கம்மல் ஆடும். காதில் புண்ணோ நீரோ வந்தால் கழற்றிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

காகிதத்தில் என்னென்ன செய்யலாம்?

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். என்னைக் கேட்டால் கைவேலைப் பொருளிலேயே சிறந்தது காகிதம்தான்.

காகித மணியிலிருந்து தொடங்குங்கள். வழவழப்பான பத்திரிகைத் தாள் ஏ4 அளவில் ஒன்று, 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. நீளம். மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் 2 செ.மீ.க்கு ஒரு புள்ளி, ஆனால் மேலே தொடங்கும்போது 1 செ.மீ. தள்ளி வைத்து, புள்ளிகளைக் கோணல்மாணலாக இணைத்தால் நேராகவும் தலைகீழாகவும் நீண்ட முக்கோணங்கள் 20 வரும். அகலமான பக்கத்திலிருந்து பல்குத்தும் குச்சியில் இறுக்கமாகச் சுருட்டி, முனையில் பசை தடவி ஒட்டி, குச்சியை உருவினால் நடுவில் பருத்த மணி தயார். இரண்டு கோட்டிங் வார்னிஷ் அடித்தால் பார்க்கிறவர்கள் பீங்கானா என்று கேட்பார்கள். ஒரு தாளில் 20 மணி, இதைவிட மலிவாக எதுவும் இல்லை.

அடுத்தது க்வில்லிங், அதாவது காகிதப் பட்டையைச் சுருட்டிச் சுருட்டி உருவம் செய்வது. கடைப் பட்டைகள் வேண்டாம், கொஞ்சம் கனமான வண்ணத் தாள் 100 முதல் 120 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்கிற அளவு) வரை இருந்தால் நீங்களே இரும்பு ஸ்கேல் வைத்து வெட்டிக்கொள்ளலாம், 5 மி.மீ. பட்டை என்றால் ஒரு ஏ4-இல் 42 கிடைக்கும். ஜிமிக்கி செய்ய பதினைந்து இருபது பட்டையை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி இறுக்கமான வட்டாகச் சுருட்டி, நடுவில் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தி அழுத்திக் குவிமாடமாக்கி, உள்பக்கம் மட்டும் பசையைத் தாராளமாகத் தடவிக் காயவிடுங்கள். வெளிப்பக்கம் பசை பட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும்.

அலங்காரத்துக்கு என்றால் ஃப்ரோபெல் நட்சத்திரம். மழலையர் கல்விக்குப் பெயர் போன ஜெர்மானியர் ஃப்ரீட்ரிஷ் ஃப்ரோபெல் பெயரில் வழங்குகிறது. நாலு பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று பின்னி, மடித்து, சொருகி முடிப்பது, பசையே தேவையில்லை. பட்டையின் நீளம் அகலத்தைப் போல 30 மடங்கு இருந்தால் சரியாக வரும், அதனால் ஏ4 தாளை நீளவாக்கில் 1 செ.மீ. அகலமாக வெட்டினாலே அளவு தானாக அமைந்துவிடும், ஒரு தாளில் ஐந்து நட்சத்திரம் போக ஒரு பட்டை மிஞ்சும். முதல் நட்சத்திரம் கட்டாயம் சொதப்பும், மூன்றாவதில் விரலுக்கே வழி தெரிந்துவிடும்.

பழைய வளையல்களை என்ன செய்வது?

பட்டு நூல் சுற்றுங்கள். நிறம் போன பிளாஸ்டிக் வளையலே போதும். இருபது இழையைச் சேர்த்து, முறுக்காமல் நாடா மாதிரித் தட்டையாகப் பிடித்து, உள்பக்கம் பசை வைத்து இடைவெளி விடாமல் சுற்றிக்கொண்டே போக வேண்டும். முறுக்கிக்கொண்டால் மேடு தெரியும். மிஞ்சிய நூலை 5 செ.மீ. அட்டையில் அறுபது எழுபது சுற்று சுற்றி, ஒரு பக்கம் கட்டி, மறு பக்கம் வெட்டினால் குஞ்சம். அதைக் கம்மலில் தொங்கவிடலாம், தோரணத்திலும் கட்டலாம்.

கம்பி விலை அதிகமாக இருக்கிறதே?

வீட்டில் கணினியை இணையத்தோடு இணைக்கிற பழைய லேன் கேபிள் கிடக்கிறதா? வெளித்தோலை உரித்தால் உள்ளே எட்டுக் கம்பி, நாலு ஜோடியாக முறுக்கியிருக்கும். சுவரோடு ஓட்டுகிற கெட்டியான வகை என்றால் ஒவ்வொன்றும் 0.5 மி.மீ. ஒற்றைச் செப்புக் கம்பி, கடையில் 24 கேஜ் என்று விற்பதும் அதேதான். மலிவான கேபிளில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியிருப்பார்கள், சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், அது இரண்டு வளைவில் ஒடிந்துவிடும். மேலுறையைக் கத்தியால் சீவி எடுங்கள், நெருப்பில் எரித்து எடுக்காதீர்கள், பி.வி.சி. புகை நச்சு. செம்பு வியர்வையோடு சேர்ந்து தோலைப் பச்சையாக்கும், சோப்பு போட்டால் போய்விடும். காதுக்குள் மட்டும் இந்தக் கம்பி வேண்டாம்.

களிமண் வகைகளில் எது நல்லது?

சூடாக்கினால் இறுகுகிற பிளாஸ்டிக் களியான பாலிமர் களிமண் நகைக்கு உறுதி, ஆனால் சூட்டடுப்பு (ஓவன்) வேண்டும். வகையைப் பொறுத்து 110 முதல் 135 டிகிரி செல்சியஸ், அரை மணி நேரம், உறையில் போட்டிருப்பதைத் தாண்டாதீர்கள், கருகினால் எரிச்சலூட்டும் புகை வரும். வெந்த பிறகு பளபளப்புக்காக நகப்பூச்சு அடிக்க வேண்டாம், அதிலுள்ள கரைப்பான் களிமண்ணை இளக்கிப் பிசுபிசுவென ஆக்கிவிடும்.

ஓவன் இல்லையென்றால் வெள்ளைப் பசையும் கார்ன்ஃப்ளோர் மாவும் சம அளவு, சில துளி எண்ணெய் சேர்த்துப் பிசைந்தால் பூ, இலை செய்ய அருமையான களி கிடைக்கும். காயும்போது சுருங்கும், அதனால் கொஞ்சம் பெரிதாகவே செய்யுங்கள். இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணீர் சேர்த்த உப்பு மாவு தொங்கும் அலங்காரத்துக்கு நல்லது, ஆனால் வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். அவ்வளவு உப்பைத் தின்றால் நாயின் உயிருக்கே ஆபத்து.

காகித அலங்காரத்துக்குள் விளக்கு வைக்கலாமா?

எல்இடி சரம் வைக்கலாம். பழைய குண்டு பல்பு, மெழுகுவத்தி இரண்டும் கூடவே கூடாது.

க்ளிட்டர் நல்லதா?

எனக்குப் பிடிக்காது. அடுத்த பண்டிகை வரைக்கும் தரையில் மின்னிக்கொண்டிருக்கும். அது பெரும்பாலும் பிளாஸ்டிக் துணுக்கு, ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் 17 முதல் உதிரி பிளாஸ்டிக் க்ளிட்டர் விற்பனைக்குத் தடை போட்டிருக்கிறது. மினுமினுப்பு வேண்டுமென்றால் ஜிகினாத் தாளையோ பழைய ஜரிகையையோ வெட்டி ஒட்டுங்கள்.

சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடு, எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்று வயதுக்குக் கீழே என்றால் மணி வேலையே வேண்டாம், காகிதமும் வெள்ளைப் பசையும் கொடுங்கள். மிகவும் பயப்பட வேண்டியது எல்இடி சரத்தில் இருக்கிற பொத்தான் பேட்டரி. சி.ஆர். 2032 போன்றவை 20 மி.மீ. அகலம், விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையாக அரித்துவிடும். மூடி திருகாணியால் பூட்டியிருக்கிற சரத்தை மட்டும் வாங்குங்கள், விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சின்னக் காந்தங்களும் அதே அளவுக்கு ஆபத்தானவை.

அடுத்த வருடம் வரை எப்படிப் பத்திரப்படுத்துவது?

நகையை ஒவ்வொன்றாகச் சின்ன ஜிப் கவரில் காற்றை வெளியேற்றி மூடுங்கள், செம்பும் வெள்ளியும் கறுப்பது குறையும். புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் அதோடு வையுங்கள். காகித நட்சத்திரங்களை முட்டை அட்டையில் அடுக்கினால் நசுங்காது. தோரணத்தை அட்டையில் சுற்றிவைத்தால் அடுத்த முறை சிக்கு எடுப்பதில் அரை நாள் மிச்சம்.

இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது, எதைத் தொடங்கலாம்?

காய வேண்டியதை முதலில் முடியுங்கள். இன்றைக்கே நகைப் பசை வேலையும் களி வேலையும் செய்து எடுத்து வைத்துவிட்டு அதைத் தொடாமல் இருங்கள், தொட்டுப் பார்த்துத்தான் பாதி கெடுகிறது. நாளைக்குக் காகித மணி, வளையல், க்வில்லிங், சாயங்காலம் முதல் கோட் வார்னிஷ். கோர்ப்பதும் கொக்கி மாட்டுவதும் மூன்றாம் நாள். ஃப்ரோபெல் நட்சத்திரத்துக்குப் பசையே கிடையாது, அதை முந்தின இரவு உட்கார்ந்துகூட மடித்துக்கொள்ளலாம்.